மூடியைத் திறந்து காட்டுங்கள்

நாம் இட்ட கையெழுத்துகளுள் ஒன்றை நினைக்கும்போது நெஞ்சம் இன்றும் குறுகுறுக்கிறது.

1999ஆம் ஆண்டு. பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னியல் துறை விரிவுரையாளராக நாம் பணியாற்றிய காலம். அன்று இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டத் தேர்வு. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நமது வழிகாட்டலில் இருந்த மாணவர் ஒருவர், உலையின் வெப்பத்தைத் தானே அளந்து தானே கட்டுப்படுத்தும் கருவியொன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பளபளக்கும் பெட்டி. அதில் ஒளிரும் சிவப்பு எண்கள். அருகே, பொன்னெழுத்துப் பொறித்த அட்டையோடு தடித்ததோர் அறிக்கை. தேர்வாளர் முகம் மலர்ந்தது.

"நன்றாயிருக்கிறது. மூடியைத் திறந்து காட்டுங்கள்" என்றார்.

மாணவரிடம் திருப்புளி இல்லை. யாரோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டி திறக்கப்பட்டது. "இதில் டிரான்ஸ்ஃபார்மர் எது? அதிலிருந்து மின்சாரம் எங்கே போகிறது?" என்று தேர்வாளர் கேட்டார். மாணவரின் விரல் ஓரிடத்தைத் தொட்டது; தயங்கியது; வேறோரிடத்திற்கு நகர்ந்தது; பிறகு மடங்கிக்கொண்டது. தேர்வாளர் நம்மைப் பார்த்தார். நாம் தரையைப் பார்த்தோம்.

அந்தக் கருவி கடையில் வாங்கியது. அது நமக்குத் தெரியும். இறுதியாண்டு மாணவர்களுக்கென்றே கருவியும் அறிக்கையும் சேர்த்து விற்கும் கடைகள் நகரங்களில் பெருகிவிட்டிருந்தன. பட்டியலைக் காட்டுவார்கள், பணம் கொடுத்தால் பத்து நாளில் பெட்டி வந்துவிடும். தேர்வாளர் நல்லவர். கேள்வியை மாற்றிக்கொண்டார். நாம் கையெழுத்திட்டோம். மாணவர் முதல் வகுப்பில் தேறினார்.

நான்காண்டுகள் கழிந்து ஒரு நோன்புப் பெருநாளன்று அவர் நம் இல்லத்திற்கு வந்தார். வளைகுடா நாடொன்றில் வேலை. பேரீச்சம்பழமும் அத்தரும் கொண்டுவந்திருந்தார். பேச்சோடு பேச்சாகத் தம் கதையைச் சொன்னார். பணியில் சேர்ந்த முதல் வாரமே மேற்பார்வையாளர் அவர் கையில் ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்து, நின்றுபோன குளிர்சாதனப் பொறியொன்றில் பழுது எங்கே என்று பார்க்கச் சொன்னாராம். அளவியை எந்த எல்லையில் திருப்பிவைப்பது என்பதே இவருக்குப் பிடிபடவில்லை. அதே ஊரிலிருந்து சென்றிருந்த, ஐ.டி.ஐ. மட்டுமே படித்த இளைஞர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடித்தார். நம் பட்டதாரி ஓராண்டுக்கு மேல் அந்த இளைஞருக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் உதவியாளராக இருந்துதான் தொழில் கற்றாராம்.

விடைபெறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம்."

அவர் குற்றம் சாட்டவில்லை. எனினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு பிள்ளையின் நான்காண்டு உழைப்பையும், அவன் பெற்றோரின் பொருளையும் அமானிதமாகப் பெற்றுக்கொண்ட நாம், அதைத் திருப்பித் தரும்போது வெறும் காகிதத்தையல்லவா தந்திருக்கிறோம்!

இப்படி நேர்ந்ததன் காரணத்தைத் தேடிப் போனால், வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலிலேயே அது இருந்தது.

நம் வாப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். கருகிய வார்னிஷின் வாடையை முகர்ந்தே, எரிந்த மோட்டாரின் நிலையைச் சொல்லிவிடுவார்கள். திருப்புளியின் முனையை ஓடும் மோட்டாரின் மேல் ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை வைத்து, பேரிங் தேய்ந்திருப்பதைக் கேட்டறிவார்கள். பழுதுபார்க்கப் போன இடத்தில் மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது என்பார்கள். ஃபியூஸைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கம்பியில் கை வைப்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதியாத அவர்களுக்கு, நாம் பின்னாளில் பாடப்புத்தகத்தில் படித்தவற்றுள் பாதி விரல்நுனியில் இருந்தது. ஆனால் அவர்களோ நம்மைப் பட்டறைக்குள் அண்டவிடவில்லை. "உன் கையில கரி படக்கூடாது, வாப்பா" என்று சொல்லியே நம்மைப் படிக்கவைத்தார்கள்.

அவர்களின் ஆசை நிறைவேறியது. நம் கையில் சுண்ணக்கட்டியின் வெண்மை மட்டுமே படிந்தது. ஒரு மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல் பன்மடங்கு மின்னோட்டத்தை எடுக்கும் என்பதைப் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். மாணவர்களும் அதைப் பிழையின்றித் தேர்வில் எழுதினார்கள். மோட்டார் புறப்படும் கணத்தில் அறை விளக்கு ஒருமுறை மங்கி மீள்வதைச் சுட்டிக்காட்டி, 'இதுதான் அது' என்று ஒரு நாளேனும் நாம் சொன்னதில்லை.

பொறியியல் கல்வியின் வரலாற்றைப் புரட்டினால், கையும் கருத்தும் ஊசலைப்போல் மாறிமாறி மேலெழுந்திருப்பதைக் காணலாம். சென்னையில் 1794ஆம் ஆண்டு தொடங்கி, பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம், நிலம் அளக்கக் கற்பிக்கும் பள்ளியாகத்தான் பிறந்தது. மாஸ்கோவின் பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் தெல்லா வோஸ் என்பார் 1868ஆம் ஆண்டளவில் ஒரு முறையை வகுத்தார். தச்சு, கடைசல், கொல்வேலை ஆகிய ஒவ்வொன்றையும் சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்துப் படிப்படியாகக் கற்பிக்கும் முறை அது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் அம்மாணவர்களின் கைவேலைகளைக் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ரங்கிள், தம் கழகத்திலும் பட்டறைப் பயிற்சியைத் தொடங்கினார்.

பிறகு ஊசல் மறுபுறம் சென்றது. இரண்டாம் உலகப் போரில் ரேடாரும் அணுவாற்றலும் தோன்றியபின், கைப்பழக்கம் மட்டும் போதாது, அடிப்படை அறிவியல் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான கிரின்டர் அறிக்கை, கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் முதலிடம் தரச் சொன்னது. அதில் நியாயம் இருந்தது. ஆனால் நம் நாட்டில் அந்த நியாயத்தோடு ஒரு பழைய நோயும் கலந்துகொண்டது. கையால் உழைப்பவன் கீழானவன், காகிதத்தில் எழுதுபவன் மேலானவன் என்னும் எண்ணமே அந்நோய். பட்டம் பெற்றவன் ஸ்பானரைத் தொட்டால் படித்த படிப்பு வீண் என்று நினைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. நம் சமுதாயத்திலும் உண்டு.

நம் சமுதாயத்தில் இருப்பதுதான் நமக்கு வியப்பாக இருக்கிறது. நூஹ் (அலை) அவர்கள் இறைவனின் கண்காணிப்பில் தம் கையால் மரக்கலம் செய்தார்கள். தாவூது (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை இளக்கிக் கொடுத்ததையும், கவசத்தின் கண்ணிகளை அளவாக அமைக்கும்படி பணித்ததையும் திருமறை எடுத்துரைக்கிறது. கண்ணிகளை அளவோடு அமைப்பது பொறியாளர் வேலையன்றி வேறென்ன? தாவூது நபியவர்கள் தம் கைகளால் உழைத்தே உண்டார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்துரைத்ததும் நாம் அறிந்ததே.

இந்த மரபில் வந்தவர்தான் அல்-ஜஸரீ. இன்றைய துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் ஆமித் நகரில் அர்த்துக்கிய அரசர்களிடம் பணிபுரிந்தவர். பொறியமைப்புகளைப் பற்றிய தம் நூலை அவர் 1206ஆம் ஆண்டில் முடித்தார். நீர்க்கடிகாரங்கள், கைகழுவவும் உளூச் செய்யவும் தானே நீர் வார்க்கும் கலங்கள், நீரிறைக்கும் பொறிகள் என ஆறு வகைகளில் 50 அமைப்புகள் அதில் உள்ளன. முன்னோர் எழுதிவைத்ததை அவர் அப்படியே ஏற்கவில்லை; செய்து பார்த்தார். செய்து பார்த்து மெய்ப்பிக்காத தொழிற்கலை மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஊசலாடும் என்பது அவர் கொள்கை. வடிவத்தைத் தீர்மானிக்க முதலில் காகிதத்தில் மாதிரி செய்துகொண்டார். பலகை வளையாதிருக்க அடுக்கடுக்காக மரத்தை ஒட்டினார். நீர் ஒழுகாதிருக்க அடைப்பிதழையும் அதன் இருக்கையையும் குருந்தக்கல் தூள் இட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தினார். பிறர் படித்துச் செய்யவேண்டும் என்ற நோக்கில் அவர் எழுதியதால்தான், 1976ஆம் ஆண்டு இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திற்காக அவருடைய பெரிய நீர்க்கடிகாரத்தை, அவர் எழுதிய குறிப்புகளைக் கொண்டே மீண்டும் செய்து இயக்க முடிந்தது. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மூடியைத் திறந்து காட்டும் நூல் அது!

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், நம் பொறுப்பிலிருந்த மாணவர்களுக்கு மூன்று விதிகள் வகுத்தோம். கருவியைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே கழற்றி மீண்டும் பூட்டிக் காட்டவேண்டும். ஒவ்வொரு நாளும் செய்ததையும், கெட்டுப்போனதையும் நாட்குறிப்பில் எழுதவேண்டும். தோல்வியை மறைக்காமல் எழுதியதற்கும் மதிப்பெண் உண்டு. செய்த கருவியைக் கல்லூரிக்கு வெளியே உள்ள யாரேனும் ஒரு மாத காலமாவது பயன்படுத்த வேண்டும்.

எதிர்ப்பு எழுந்தது. "மற்ற ஆசிரியர்களிடம் உள்ள பிள்ளைகள் எல்லாம் நிம்மதியாக இருக்க, என் பிள்ளையின் வாழ்க்கையோடு மட்டும் ஏன் விளையாடுகிறீர்கள்?" என்று ஒரு தந்தை நேரிலேயே கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவ்வாண்டு நம் மாணவர் இருவர் முடிக்காத கருவியைத் துணிந்து கொண்டுவந்து வைத்துக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். பக்கத்து மேசையில் கடைப்பெட்டி முழு மதிப்பெண் பெற்றது. அந்த இருவரின் முகங்களும் நம் நினைவில் இருக்கின்றன.

இனி, 2014ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறோம்.

கல்லூரியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பள்ளிவாசல். கீழே நிலத்தொட்டி, மாடியில் மேல்தொட்டி, மேல்தொட்டியிலிருந்து ஹவுளுக்கும் குழாய்களுக்கும் நீர் வரும். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நாள்தோறும் போடுவதும் அணைப்பதும் மோதினாரின் வேலை. நம் மாணவர்கள் நால்வர், இரு மாணவரும் இரு மாணவியரும், நீர்மட்டத்தை அறிந்து மோட்டாரைத் தானே இயக்கும் கருவியைச் செய்துதர முன்வந்தார்கள். முத்தவல்லி ஹாஜியாரும் மகிழ்ந்து இசைந்தார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது அர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் எளிதில் கருவிகள் செய்யட்டும் என்று ஆசிரியர்கள் சிலர் உருவாக்கியது அது. அதன் வரைபடங்களை மூடிவைக்காமல் உலகுக்கே திறந்துவிட்டார்கள். அதனால் சில நூறு ரூபாயில் அதன் படிகள் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தன. ஒரு சிற்றூர்ப் பிள்ளையின் கைக்கு இத்தகைய கருவி எட்டியது பெரும் பேறு என்றே நாம் கருதுகிறோம்.

மாணவர்கள் முதலில் கணினியில் பாவனை மென்பொருளைக்கொண்டு சுற்றை வரைந்து ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் தொட்டி நிறைந்தது, மோட்டார் நின்றது. நீர் குறைந்தது, மோட்டார் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

பள்ளிவாசலில் பொருத்திய பதினைந்தாம் நாள், இரவு முழுதும் மேல்தொட்டி வழிந்தோடியது. மோட்டாரை நேராக இயக்கிய சிறு ரிலேயின் தொடுமுனைகள், மோட்டார் புறப்படும்போதெல்லாம் பாயும் பெரும் மின்னோட்டத்தின் சூட்டில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. கரும்பலகையில் நாம் பல்லாண்டு எழுதிய பாடம் அன்று நீராய் வழிந்தது. காண்டாக்டர் ஒன்றை வாங்கி இடையில் பொருத்தினார்கள். அடுத்து, தொட்டிக்குள் நீர்மட்டம் அறிய விட்டிருந்த செம்புக் கம்பிகள் பச்சை படிந்து அரிக்கப்பட்டன. நேர்மின்னோட்டம் இடைவிடாது நீருக்குள் பாய்ந்ததே காரணம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளுக்கு மாற்றி, அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் பாயுமாறு திருத்தினார்கள்.

இவை சிறு பாடங்கள். பெரும் பாடம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

அன்று விடியற்காலையில் தொட்டி நிறைந்தது. மோட்டார் முறைப்படி நின்றது. ஸுப்ஹுத் தொழுகைக்கு வந்தோரும், பள்ளியைக் கழுவித் துடைத்தோரும், முற்பகலில் வந்தோரும் நீரைச் செலவிட்டார்கள். ஜும்ஆவுக்கு அரைமணி நேரம் இருக்கையில் குழாய்கள் வறண்டன. தொட்டியோ காலி, கருவியின் திரையோ 'நிரம்பியுள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைக் கையால் போடலாமென்றால் பழைய சுவிட்சே இல்லை. இனி அது எதற்கு என்று நம் மாணவர்கள் கழற்றி எறிந்துவிட்டிருந்தார்கள்.

செய்தி வந்ததும் நாமும் மாணவர்களும் விரைந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்து வீடுகளிலிருந்து சிறுவர்களும் பெரியவர்களும் குடத்திலும் வாளியிலும் நீர் சுமந்து வந்து ஹவுளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாணவர் இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் வாளியை வாங்கிச் சுமக்கலானார்கள். மாணவியர் இருவரும் மோட்டார் அறை வாசலில் கலங்கி நின்றார்கள். ஜும்ஆ பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.

தொழுகை முடிந்ததும் ஹாஜியார் கடிந்துகொள்வார் என்று அஞ்சினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோதினார் மட்டும் அருகில் வந்தார். முப்பதாண்டுகளாக அந்த மோட்டாரை இயக்கியவர். மேல்தொட்டியில் நீர் விழும் ஓசை மாறுவதைக் கேட்டே, தொட்டி நிறையப்போகிறதென்று கீழிருந்தபடி அறிபவர். "தம்பி, நான் மொதல்லயே சொன்னேன்ல, அந்தப் பழைய சுவிட்சு ஒரு ஓரமா இருக்கட்டும்னு? இருந்திருந்தா நானே போட்டிருப்பேனே" என்றார். அவர் சொன்னது உண்மை. மாணவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை, நாமும் வாங்கவில்லை. படிக்காத ஒருவரின் சொல்லென்று ஒதுக்கியிருந்தோம். வாப்பாவின் பட்டறையை ஒதுக்கிய அதே மனம்தான் இதிலும் வேலை செய்திருக்கிறது!

பிழை எங்கே என்பதைக் கண்டுபிடிக்க நான்கு நாட்களாயின. கண்டுபிடித்தது மாணவியருள் ஒருவர். மாலை நேரத்தில் மகளை ஆய்வுக்கூடத்தில் விட்டுவைக்கத் தயங்கிய அவருடைய வாப்பா, அந்த நான்கு நாளும் தாமே வந்து வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருந்து அழைத்துச் சென்றார். காண்டாக்டரின் சுருளை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ரிலேயின் முனையில் ஒரு சிறு பொறி தெறிப்பதை இருட்டில் அந்தப் பெண் பார்த்துவிட்டார். அந்தக் கணத்தில் எழும் மின்னழுத்த வீச்சுதான் அர்டுயினோவின் ஓட்டத்தை உறையச் செய்திருக்கிறது. தொட்டி நிறைந்து மோட்டார் நின்ற நொடியிலேயே கருவி உறைந்துபோனதால், கடைசியாகத் தெரிந்த சொல்லே திரையில் தங்கிவிட்டது.

சுருளில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு விரைவாக அறுபடுகிறதோ, அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் அதில் எழும் என்பது முதலாண்டுப் பாடம். நால்வருமே அச்சூத்திரத்தைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவர்கள். "சார், இது அந்த ஃபார்முலாதானே!" என்று அந்தப் பெண் சொன்னபோது அவர் குரலில் இருந்த வியப்பை நம்மால் மறக்க முடியாது. கணக்கு அன்றுதான் அவருக்குச் சொந்தமாயிற்று. கணக்கைக் கற்றிராவிடில் அந்தப் பொறி அவருக்கு வெறும் பொறியாகவே இருந்திருக்கும். பொறியைக் காணாதிருந்தால் கணக்கு வெறும் எழுத்தாகவே இருந்திருக்கும்.

ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் தொடராக இணைத்துச் சுருளுக்குக் குறுக்கே பொருத்தினார்கள், பொறி அடங்கியது. கருவி எப்போதேனும் உறைந்தால் தானே மீண்டும் தொடங்கும்படி நிரலில் ஒரு காவலும் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மோதினார் கேட்ட சுவிட்சை, அவர் கைக்கெட்டும் உயரத்தில், அவரையே அருகில் வைத்துக்கொண்டு பொருத்தினார்கள். வேலை தொடங்குமுன் ஒரு மாணவர் ஃபியூஸைக் கழற்றித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாம் கற்பித்ததுதான், ஆனால் நமக்கு அதைக் கற்பித்தவர்களின் முகம் ஒரு கணம் கண்முன் வந்து சென்றது.

அவர்களின் நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்கியது: "இன்று எங்களால் ஜும்ஆ பத்து நிமிடம் தாமதமாயிற்று." அந்தப் பக்கத்திற்கு முழு மதிப்பெண் தந்தோம்.

இதையெல்லாம் படிக்கும் அன்பர்கள், கணினியையும் புதுத் தொழில்நுட்பத்தையும் நாம் வெறுக்கிறோம் என்று எண்ணிவிடலாகாது. 2003ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களால், மாவட்டத்து மூலையில் உள்ள பிள்ளையும் நாட்டின் தலைசிறந்த பேராசிரியரின் விரிவுரையைக் கேட்க முடிகிறது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் ஆய்வுக்கூடங்கள் பூட்டப்பட்டபோது, திரையில் செய்யும் மெய்ந்நிகர்ச் சோதனைகளே நம் மாணவர்களுக்குக் கைகொடுத்தன. ஆயிரம் ரூபாய்ப் பொருளைப் பொசுக்குமுன் திரையில் நூறு முறை பிழைசெய்து பார்ப்பது சிக்கனம். அல்-ஜஸரீயின் காகித மாதிரியும் அதுவும் ஒன்றே. ஆனால் அவர் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. திரையில் உள்ள மோட்டார் பொறி கக்காது. திரையில் உள்ள கம்பி பச்சை பூக்காது. திரைக்குள் ஒரு மோதினார் இல்லை. மாணவனைப் பொருளின் அருகே கொண்டுசேர்க்கும் தொழில்நுட்பம் நல்ல ஆசான். பொருளே வேண்டாமென்று அவனை நாற்காலியில் அமர்த்திவைக்கும் தொழில்நுட்பம், பொன்னெழுத்து அட்டை போட்ட அறிக்கைக்கு ஒப்பானது.

இன்று கடைக்குப் போகவும் வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலும் வருகிறது, அறிக்கையும் வருகிறது. நல்ல கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு அதுவும் ஒரு துணைதான். எனவே 1999இல் அந்தத் தேர்வாளர் கேட்ட கேள்விக்கு இன்று முன்னிலும் தேவை மிகுதி. மூடியைத் திறந்தபின் விரல் சரியான இடத்தைத் தொடுகிறதா என்பதொன்றே ஏமாற்ற முடியாத தேர்வு.

டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாழ்வில் இதற்கோர் அழகிய சான்று உண்டு. 1950களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமின்றி நின்றபோது, அவருடைய சகோதரி ஜொஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து உதவினார். அக்கல்லூரியில் பாடம் விளக்குவதற்கென்று, பணியிலிருந்து நீக்கப்பட்ட விமானங்கள் இரண்டை நிறுத்திவைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குச் சென்றபின்னும் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருந்ததாகத் தம் வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். நண்பர்களோடு ஒரு தாக்குதல் விமானத்தை வடிவமைக்கும் செயல்திட்டம் அவர்களுக்குத் தரப்பட்டது. வேலையில் நிறைவுகொள்ளாத பேராசிரியர் சீனிவாசன், மூன்றே நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். கலாம் இரவு பகலாக வரைபலகையின் முன் நின்று முடித்தார். பேராசிரியர் அவரைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பேராசிரியர் கண்டிப்பின்றிக் கையெழுத்திட்டிருந்தால் எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்! நாம் செய்தது அதுதான்.

பெற்றோர்களுக்கு நாம் சொல்ல விழைவது ஒன்றுண்டு. வளையல் அடகுவைத்த சகோதரிகளும், நிலம் விற்ற தந்தையரும், பாலையில் வெந்து பணம் அனுப்பும் அண்ணன்மாரும் நம் சமுதாயத்தில் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்று கேட்பதோடு, என்ன செய்தான், எதைக் கெடுத்தான், கெட்டதை எப்படிச் சீராக்கினான் என்றும் கேளுங்கள். அவன் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டத் தெரியாமல் விழித்தால் ஏசாதீர்கள். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஊர்ப் பட்டறையில் உட்கார விரும்பினால் தடுக்காதீர்கள். மகள் ஆய்வுக்கூடத்தில் தாமதமானால், வெளியே ஒரு நாற்காலி போட்டு அமர்ந்திருங்கள்.

நாம் ஓய்வுபெற்று ஆண்டுகள் சில ஆகின்றன. அண்மையில் அந்தப் பள்ளிவாசலில் அஸர் தொழச் சென்றிருந்தோம். பழைய மோதினார் மவுத்தாகிவிட்டார். இறைவன் அவருக்கு மறுமையில் நற்பதவி அருள்வானாக! கருவி இன்னும் ஓடுகிறது. பலகையை ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் சுவிட்சும் இருக்கிறது. பிடித்துப் பிடித்து அதன் குமிழ் வழவழப்பாகியிருந்தது. அவர் கடைசிவரை கருவியை முழுதாக நம்பவில்லை போலும். அவர் நம்பாததும் நல்லதே.

உளூச் செய்ய அமர்ந்தோம். குழாயைத் திருகினோம். நீர் வந்தது. காலி்த் தொட்டியின் மேல் 'நிரம்பியுள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்ட நம் பிழையை வல்ல அல்லாஹ் பொறுத்தருள்வானாக! நம் பிள்ளைகளின் அறிவுக்குக் கைகளையும், கைகளுக்கு அறிவையும் அவன் வழங்குவானாக! ஆமீன்.